அத்தான் இல்லாத கசெற்றுகள்

இந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளே, எங்கள் அத்தானுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே புகழ்ச்சியைக் கொஞ்சம் கூட்டிச் சொல்ல வசதி உண்டு. ஆனால் அக்கா வாசிப்பா.

அத்தான் பிரான்சின் நோர்மண்டிக் கரையில், மீன் விற்ற குடும்பமொன்றில் பிறந்தார். பாரிசுக்குப் போய் மூன்று திரைப்படங்களை இயக்கினார். விமர்சகர்கள் பாராட்டினார்கள், சனம் வரவில்லை. ஒரு படத்தில் கிழவர் ஒருவர் சப்பாத்துக்கு நாடா கட்டுவார். அவர் கட்டி முடிக்குமுன் நான் நித்திரையாகிவிட்டேன். “நல்லாய்ப் படுத்தனியோ?” என்று மட்டும் கேட்டார், அக்காவிடம் பழகிய யாழ்ப்பாணத் தமிழில்.

அக்கா அவருடைய படப்பிடிப்புக் குழுவுக்குச் சமைக்கப் போனவ. வெள்ளைக்காரரைக் கலியாணம் முடித்ததால், கொழும்பிலிருந்த அம்மா அவவோடு கதைப்பதை நிறுத்தினா.

நாலாவது படத்துக்குப் பணம் போட ஆள் இல்லை. “பிரெஞ்சு தெரிஞ்ச ஆளுக்கு மொன்றியலில வேலை ஓடிவரும், வாங்கோ அத்தான்” என்று கனடாவிலிருந்து அழைத்தவன் நான். அந்த அரிய ஆலோசனையின் பயனாக, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் மொன்றியலின் லாசால் பகுதி மண்டபங்களில் எங்கள் கலியாணங்களையும் சாமத்தியச் சடங்குகளையும் வீடியோ எடுத்தார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்தவர்கள் நாங்கள்.

“என்ன அத்தான், மற்றவங்கள் பொம்பிளை மாப்பிளையை ரோசாப்பூவுக்குள்ளை வைச்செல்லே காட்டுறாங்கள்!”

“பூவுக்குள்ளை ஆள் இருக்கேலாது.”

ஒவ்வொரு முகத்திலும் கமராவை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். விசா கிடைக்காத அம்மாவுக்கு ஒரு கசெற் தவறாமல் போகும். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால், “மாமி இவையளைக் கண்டு எவ்வளவு காலம்! அவ பாத்து முடிய வேணும்” என்பார்.

ஒருநாள் அம்மா தொலைபேசியில் அக்காவைக் கூப்பிடச் சொன்னா. “எல்லாரையும் ஆறுதலாய்ப் பாத்தன். என்ரை மருமோனை மட்டும் ஒண்டிலும் காணேல்லை?”

அக்கா அழுதா. அத்தான் போனை வாங்கி, “பேந்தொரு கசெற்றிலை வாறன், மாமி” என்றார். கமராவுக்கு முன்னால் வர அவருக்கு அவ்வளவு கூச்சம். நோய் முந்திக்கொண்டது.

கடைசி நாட்களில், வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தபடி கமராவை என்னிடம் தந்தார். “ஆட்டாதை. கிட்டப் போகாதை. மாமி பாக்கவேணும்.” எதை எடுக்கச் சொல்கிறார் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

வில்லரே மலர்ச்சாலையில் பெட்டிக்குத் தோள்கொடுத்தவர்களுக்கும், கேள்வி கேட்காமல் கிரியை செய்த ஐயருக்கும், பிரான்சிலிருந்து வந்து எங்களோடு நின்று வாய்க்கரிசி போட்ட அத்தானின் தங்கைக்கும், அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த அயலவர்க்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

மலர்ச்சாலையில் நான் எடுத்த அந்தக் கசெற் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. முதலிலிருந்து கடைசிவரை அத்தான் இருக்கும் ஒரே கசெற். நேற்று அம்மா போன் எடுத்தா.

“மருமோனை வடிவாய்க் கண்டன், மோனை. கடைசியிலை நீ ஏன் கமராவைத் திருப்பினனி? நான் இன்னும் பாத்து முடிக்கேல்லை.”