சூசைநாதனின் தட்டு

சிங்கப்பூரில் செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த சூசைநாதனுக்கு யார் தொட்டாலும் ஆகாது. பூசையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம் வந்தால் குனிந்து ஷூ லேஸ் கட்டுவார். போட்டிருப்பது செருப்பு. கூட்டம் இரைந்தால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவார். அதற்கு டாக்டர்கள் ஏதாவது பெயர் வைத்திருக்கலாம். 1983-ல் மாதா கோயில் ஜனங்களுக்குத் தெரிந்த ஒரே பெயர் திமிர். அதைத் தாராளமாக வழங்கினார்கள்.

கட்டிக்கொண்ட புதிதில் மனைவி உர்சுலாவும் அழுதவள்தான். போகப் போகக் கவனித்தாள். திடீரென்று வந்தால்தான் மனிதர் மிரளுகிறார்; முன்கூட்டியே சொல்லிவிட்டால் எதையும் செய்வார். அதோடு அழுகையை விட்டுவிட்டாள்.

மகள் ஜோசபினின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் அப்பா ஆம்ப்ரோஸ் அவரைக் கட்டிப்பிடிக்க வந்தார். சூசைநாதன் சட்டென்று விலக, வந்தவர் உர்சுலாவின் தங்கை லீலா மேல் போய் விழுந்தார். லீலா மன்னித்துவிட்டாள். ஆம்ப்ரோஸ் மன்னிக்கவில்லை.

"கல்யாணத்தன்னிக்கு உங்க வீட்டுக்காரர் வாசல்ல நின்னு எங்க ஆளுங்கள வரவேற்கணும், சம்பந்தியம்மா. இல்லன்னா இந்தச் சம்பந்தமே வேணாம்லா!"

ஜோசபின் தேம்பினாள். "அப்பாவால முடியாதும்மா."

"கை காலியா இருந்தாத்தானடி பிடிச்சுக் குலுக்குவாங்க?"

சந்தனமும் கற்கண்டும் வைத்த பெரிய பித்தளைத் தட்டைக் கணவரிடம் கொடுத்தாள் உர்சுலா. கல்யாணத்துக்கு முந்தின வாரமே ஹாலுக்குக் கூட்டிப்போய், ஸ்பீக்கருக்குத் தள்ளி நிற்கும் இடத்தைக் காட்டினாள். காதுக்குப் பஞ்சு. பேச ஒரே வரி.

"சின்னப் பொண்ணுங்க பிடிக்கிற தட்ட அத்தான் பிடிக்கிறதாக்கா?" என்று லீலா முகம் சுளித்தாள்.

"அப்ப நீ போய் ஆம்ப்ரோஸ் பக்கத்துல நில்லு."



கல்யாணத்தன்று ஆம்ப்ரோஸ் கையை விரித்தபடி வந்தார். தட்டு குறுக்கே நின்றது. "வாங்க, எடுத்துக்குங்க" என்றார் சூசைநாதன். ஆம்ப்ரோஸ் கற்கண்டை வாயில் போட்டார். கண் கலங்கிவிட்டது. "பொண்ணப் பெத்தவரே தட்டுப் பிடிச்சு நிக்கிறாரே! என்ன பணிவு!"

கோயில் ஜனமே தலையாட்டியது. இத்தனை வருடத் திமிர் ஒரு வாய்க் கற்கண்டில் பணிவாகிவிட்டது. உர்சுலா சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

எல்லோரும் உட்கார்ந்த பிறகு மணக்கோலத்தில் ஜோசபின் அப்பா முன்னால் வந்து நின்றாள். தொடவில்லை. அவர் சந்தனக் கிண்ணத்தை நகர்த்தினார். பின்னால் ஒரு பெரிய கற்கண்டுக் கட்டி ஒளிந்திருந்தது.

"இத மட்டும் யாருக்கும் குடுக்கல" என்றார். அந்த வரியை உர்சுலா சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.