‘இன்னும் ஆள் இரிக்கா?’ என்று கேட்டவள்

மீன் கழுவிக்கொண்டிருந்த கையோடு தொலைபேசியை எடுத்தேன். கிண்ணியாவிலிருந்து நஸீராவின் தம்பி. “வசந்தாக்கா, ராத்தா மௌத்தாகிட்டா. லுஹருக்குப் பிறகு அடக்கம்” என்றான். மீனை அப்படியே போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். லுஹர், அதாவது மத்தியானத் தொழுகைக்கு முன்னமே பள்ளிவாசலுக்குத் தூக்கிவிடுவார்கள். அதற்குள் போய் முகம் பார்க்காவிட்டால் அவள் என்னைச் சும்மா விடமாட்டாள் என்று பைத்தியக்காரத்தனமாக நினைத்தேன். அழக்கூட நேரமில்லை.

யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தடியில் இருந்த அந்தச் சின்ன அச்சகத்தில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு நஸீராவை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நான் எழுத்துக் கோர்ப்பவள், அவள் பிழை பார்ப்பவள். இருவருக்கும் ஒரே வயது, ஒரே வாய். தினமும் கிண்ணியாவிலிருந்து பாதையில் ஏறி வருவாள். பாதை என்றால் அப்போது கடலைக் கடக்க இருந்த மிதவை. இப்போது அங்கே பாலம் போட்டுவிட்டார்கள்.

கனடாவில் இருந்த என் அண்ணன் ஒரு பெட்டி அனுப்பினான். உள்ளே பறவைநாகமும் மந்திரவாதியும் பூதமுமாக வழவழப்பான அட்டைகள். விளையாடுகிற அட்டைகள்தான். அங்கே அவற்றை வாங்கி, விற்று, ஆளுக்காள் மாற்றிக்கொள்வார்களாம். நாங்கள் மத்தியானச் சோற்றில் மீன் துண்டுக்கு மாற்றிக்கொண்டோம். ஒரு குறைதான். விதிமுறைத் தாளில் சண்டையைப் பற்றிய பகுதி கிழிந்துபோயிருந்தது. பூதத்தை எப்படி இறக்குவது என்று தெரியும். இறக்கிய பூதங்கள் மோதும்போது யார் முதலில், யார் பிறகு, இடையில் மந்திரம் போடலாமா, எதுவும் தெரியாது. அதனால் ஒவ்வொரு மத்தியானமும் மேசையில் நடந்ததைவிடப் பெரிய சண்டை எங்கள் இருவருக்கும் நடந்தது.

ஒருநாள் நான் எழும்பி நின்று, “எல்லாரும் சேர்ந்து அடிக்கிறம், தப்ப ஏலாது!” என்று கத்தினேன். எதிரே கடற்படையின் காவல் சென்றி இருக்கிறது என்பது அந்த ஆவேசத்தில் மறந்துபோயிற்று. அடுத்த நிமிடம் சிப்பாய் துவக்கோடு உள்ளே நின்றான். பறவைநாகத்தைத் தூக்கித் திருப்பிப் பார்த்தான். எங்கள் முகங்களைப் பார்த்தான். வைத்துவிட்டுப் போனான். முதலாளிக்கு வேர்த்து ஒழுகியது. “இன்னொருக்கா இந்தச் சண்டைச் சத்தம் கேட்டால் காட்ஸ் அடுப்புக்குள்ள. நீங்கள் ரெண்டு பேரும் வீட்ட போகலாம்” என்றார். வீட்டில் என் சம்பளத்தைத்தான் அம்மா நம்பியிருந்தா. நஸீரா வீட்டிலும் அதே கதைதான்.

மறுநாள் நஸீரா கண் மின்ன வந்தாள். “புள்ள, சண்டைக்கு முறை வந்திட்டு!” பாதையில் வரும்போதே முழுவதையும் யோசித்து முடித்திருந்தாள். தாக்கப் போகிற அட்டை, துறைக்குப் போகிற பயணி. அதை முன்னே தள்ளும்போது “பயணம்” என்று சொல்லவேண்டும். எதிராளி தடுத்தால் அது வழியிலுள்ள சோதனைச் சாவடி, “சாவடியில மறிச்சாச்சு”. அதன்பிறகு பாதைக்காரன் கூப்பிடுகிற மாதிரி “இன்னும் ஆள் இரிக்கா?” என்று கேட்கவேண்டும். மந்திரம் போடுகிறவர் அப்போதுதான் போடலாம். யாரும் போடாவிட்டால் “பாதை போயிட்டு”. அடி விழுகிற நேரம் அது. பிறகு வாய் திறக்க ஏலாது.

“இதை ஊரே நாள் முழுக்கச் சொல்லுது. ஆர் துவக்கோட வரப்போறான்?” என்றாள். எனக்குப் புல்லரித்தது! கிழிந்த தாளை எங்கள் துறையே எழுதித் தந்ததுபோல இருந்தது.

முதலாளி நம்பவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, “எனக்கு முன்னால ஒருக்கா விளையாடுங்கோ. ஒரு வாக்குவாதம் வந்தால் முடிஞ்சுது” என்றார்.

என் பறவைநாகம் பயணம் புறப்பட்டது. நஸீரா ஒரு சின்ன நண்டு அட்டையால் மறித்தாள். “இன்னும் ஆள் இரிக்கா?” என்று கேட்டாள். இருந்ததே! கையிலிருந்த மின்னல் மந்திரத்தை எறிந்து நண்டைக் கொன்றேன். இனி மறிக்க யாருமில்லை, பறவைநாகத்தின் அடி நேராக அவளுக்குத்தான் என்று துள்ளினேன். அவள் அசையவில்லை. “மறிச்சது மறிச்சதுதான். நண்டு செத்தாலும் உன்ர நாகம் இண்டைக்கு வந்து சேராது.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இது என்ன நியாயம்? ஆனால் வாயைத் திறந்தால் காட்ஸும் போச்சு, வேலையும் போச்சு.  நஸீரா மெல்ல முதலாளி பக்கம் திரும்பினாள். “முதலாளி, கலியாணக் காட் குடுக்க எங்கட ஊருக்கு வெளிக்கிட்டீங்களே, அண்டைக்கு சீனன்குடாவில மறிச்சவன் என்ன செய்தான்?”

முதலாளி கதிரையில் நிமிர்ந்தார். “அவனோ? கொஞ்ச நேரத்தில சாப்பிடப் போயிட்டான். சாவடியில ஒருத்தரும் இல்லை. ஆனால் நான் துறைக்கு ஓடிப் போக, பாதை போயிட்டுது!” சொல்லிவிட்டு மேசையைப் பார்த்தார். செத்துக் கிடந்த நண்டைப் பார்த்தார். “ஓம், வசந்தா. மறிச்சது மறிச்சதுதான். மறிச்சவன் போனாலும் போன பாதை திரும்பி வராது. அவ சொல்றது சரி.”

அடுத்தது நஸீராவின் முறை. தாக்கிய அட்டையைச் சரித்து வைக்கவேண்டும் என்பதால் என் பறவைநாகம் சரிந்து கிடந்தது. அதால் இனி மறிக்க ஏலாது. நஸீரா தன்னிடமிருந்த குட்டி அட்டைகள் எல்லாவற்றையும் ஒன்றாக முன்னே தள்ளினாள். “பயணம்!” மறிக்க என்னிடம் ஒன்றுமில்லை. “இன்னும் ஆள் இரிக்கா?” என்று என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். கையும் வெறுமை. நான் தலையாட்டுமுன் முதலாளி கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, “பாதை போயிட்டுது!” என்று கூரை அதிரக் கத்தினார். எல்லோரும் உறைந்துபோய்ச் சென்றியைப் பார்த்தோம். சிப்பாய் எட்டிப் பார்த்து, கையை உயர்த்திக் காட்டிவிட்டுத் தன்பாட்டில் நின்றான். அன்றிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் முதலாளிதான் எங்கள் நடுவர். சத்தமும் அவருடையதுதான்.

இன்னொரு நாள், அவள் வெல்லப்போகிற கட்டம். நான் சோர்ந்துபோய்க் கையைப் பார்க்காமலே இருந்தேன். அவள் கேட்டாள், காத்திருந்தாள், திரும்பவும் கேட்டாள். அப்போதுதான் பார்த்தேன், ஒரு மந்திரம் மிச்சம்! போட்டேன். அவள் தோற்றாள். “பேய்ச்சி, பேசாமல் அடிச்சிருக்கலாமே” என்றேன். “கேக்காம வெண்டால் அது வெற்றியில்ல, புள்ள” என்றாள். சொல்லிவிட்டு என் மீன் துண்டைத் தூக்கித் தின்றுவிட்டாள்.

இதையெல்லாம் நினைத்தபடி போன பஸ் சீனன்குடா தாண்டியதும் டயர் வெடித்து நின்றது. சாவடி இல்லை, சிப்பாய் இல்லை, ஆனாலும் மறித்தாயிற்று. மறிச்சது மறிச்சதுதான் என்று அவள் குரலே காதில் கேட்டது. ஓர் ஓட்டோவை மறித்து ஏறி, பாலத்தால் பறந்தேன். அவள் தெருவில் இறங்கும்போது பள்ளியில் பாங்கு சொல்லிவிட்டார்கள். தொப்பி போட்ட ஆண்கள் அவளைக் கிடத்தியிருந்த சந்தூக்கைச் சுற்றி நின்றார்கள். தூக்கக் குனிந்துவிட்டார்கள்.

அப்போது அவள் தம்பி வாசலுக்கு வந்து, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக் கேட்டான். “முகம் பாக்க இன்னும் ஆள் இரிக்கா?”

“இருக்கு! நான் இருக்கிறன்!” என்று கத்தினேன். அச்சகத்தில் கத்தியதைவிடப் பெரிதாகக் கத்தினேன். கூட்டம் விலகி வழிவிட்டது.

பார்த்தேன். வெல்லப்போகிற நேரத்து முகம்தான். அப்போதுதான் அழுதேன்.

பறவைநாகம் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. ஆனால் நான் அவளிடமிருந்து வைத்துக்கொள்வது அதையல்ல, அந்தக் கேள்வியை. ஒரு சண்டையை முடிக்குமுன், ஒரு கதவைச் சாத்துமுன், ஒருதரம் நின்று கேட்கிறேன். கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கவும் செய்கிறேன். யாராவது ஒருத்தி பாலத்தில் வந்துகொண்டிருக்கலாம்.