அக்கா ஏற்றிவிடச் சொன்ன கட்டி

அடிவயிற்றின் இடது பக்கம் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. அழுத்தினால் வலித்தது. பாயான் பாரு தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்கிறவள் நான். கல்யாணம் ஆகவில்லை. அக்கா தொட்டுப் பார்த்த கையோடு தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

"நின்னு நின்னு கர்ப்பப்பை எறங்கிருச்சுடி. உருட் போனா சரியாயிரும்லா."

வயிற்றுக்கு எது வந்தாலும் எங்கள் வீட்டில் முதலில் உருட்தான், எண்ணெய் தேய்த்து உருவி விடுவது. டாக்டரெல்லாம் அப்புறம். உருட் பார்க்கும் பக்கத்து ஃபிளாட் மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்போம், அந்தக் கட்டியைக் கீழிருந்து மேலாகத் தள்ளித் தள்ளி ஏற்றப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். மறுநாள் காய்ச்சல். சிறுநீர் சிவப்பாகப் போனது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தது ஒரு தமிழ் டாக்டரம்மா. கட்டியின் மேல் கருவியை வைத்தவர் வெகுநேரம் அதை அங்கிருந்து எடுக்கவில்லை.

"இது கர்ப்பப்பை இல்லம்மா, உங்க கிட்னி. பொறக்கும்போதே மேல ஏறாம இங்கயே தங்கிருச்சு. மூத்திரம் அடைச்சு வீங்கியிருக்கு."

ஊர் ஒரு வழி போனால் என் கிட்னி ஒரு வழி.

"நாங்க உருவுனதாலயா?" என்றாள் அக்கா.

"அடைப்பு முன்னமே இருந்திருக்கும். உருவுனதுல அடிபட்டிருக்கு."

"பெரிய டாக்டரு இவ. நல்லா ஏத்துன போ," என்றேன். ஆத்திரம் தாங்கவில்லை. அவள் என்னைப் பார்க்காமல், "ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்குல்ல டாக்டர்?" என்று கேட்டாள்.

டாக்டர் என்னைத் திரும்பிப் படுக்கச் சொன்னார். முதுகின் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், மறுபடியும் வலப்பக்கமே தேடினார்.

"இன்னொண்ணு இல்லம்மா. உங்களுக்கு இது மட்டுந்தான்."

அன்றைக்கே அடைப்பைத் தாண்டி உள்ளே குழாய் வைத்தார்கள். சிறுநீர் இறங்கினால் கிட்னி பிழைக்கும், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். சிறுநீர் சேர கட்டிலோரம் தொங்கவிட்ட பை காலியாகவே இருந்தது. வாய் ஓயாத அக்கா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பார்க்கப் பயமாக இருந்தது.

"வருதுடி," என்றாள். "செவப்பாத்தான் வருது. ஆனா வருது."

அழுதுகொண்டே என் வயிற்றைத் தடவ வந்தாள். அந்தக் கையைப் பிடித்து என் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். வயிற்றின் மேல் மட்டும் வைக்க விடவில்லை.