ஏழாம் நம்பர் மலைக்கு ஒரு வரைபடம்

மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்தச் செய்தி வந்துவிடுகிறது. குளவிக் கொட்டுக்கு இலக்காகி இத்தனை பெண் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி. தோட்டத்தின் பெயரும் ஆட்களின் தொகையும் மட்டும் மாறும். மற்றதெல்லாம் போன மாதம் எழுதியதையே எடுத்துப் போட்டது போலிருக்கும். கடைசி வரியும் எப்போதும் ஒன்றுதான்: மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர். யாரை விசாரிக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. குளவிகளை வரிசையில் நிறுத்தி வாக்குமூலம் வாங்குவார்களோ என்னவோ.

நேற்றும் வந்தது. பஸ்ஸில் நின்றபடி போனில் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அது இயற்கை தங்கச்சி, என்ன செய்யிறது" என்றார். நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்தச் சொல்லுக்கு என் அம்மா பதில் சொல்லி வருஷக்கணக்காகிறது. கேட்டவர்கள்தான் அதிகமில்லை.

அப்போது நான் தரம் ஆறு படித்துக்கொண்டிருந்தேன். கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் எங்கள் வீடு. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை. தீபாவளிக்கும் சித்திரைக்கும் வருவார். ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டிய லயத்தில் நானும் அம்மாவும்தான். அடுத்த காம்பராவில் ஒரு பெரியம்மா இருந்தார். உறவில்லை, நடுவில் ஒரே சுவர் என்பதால் பெரியம்மா. அவரும் அம்மாவும் மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில்தான் தேயிலைக் கொழுந்து எடுப்பார்கள். இருவர் பேச்சும் காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் கொழுந்து நிறுக்கும்போதுதான் நிற்கும்.

மலை என்றால் எங்கள் பேச்சில் தேயிலை நிற்கும் ஒவ்வொரு பகுதியும் ஒரு மலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். ஒரு வெள்ளிக்கிழமை பத்து மணி போல, ஏழாம் நம்பர் மலையில் உயர்ந்த டர்பன்டைன் மரத்தில் தொங்கிய கூடு ஒன்று கலைந்தது. காற்று அடித்ததோ பருந்து கொத்தியதோ யாருக்கும் தெரியாது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே யாராலும் வேகமாக ஓட முடியாது. அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்கு விரிப்பை அவிழ்த்துத் தலையோடு போர்த்திக்கொண்டு இரண்டு செடிகளுக்கிடையில் குப்புறப் படுத்துவிட்டார். பெரியம்மா ஓடப் பார்த்தார். வேர் தடுக்கி விழுந்தார். இருவரையும் கொழுந்து லொறியில்தான் ஏற்றினார்கள். டவுனுக்குப் போய்ச் சேருமுன்பே பெரியம்மாவின் மூச்சு நின்றுவிட்டது. அம்மா நாலு நாள் வார்டில் கிடந்தார். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தபோது ஒரு கண் திறக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரியவில்லை.

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி. எல்லாரும் எரிமலையும் சூரிய குடும்பமும் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு எதுவும் ஓடவில்லை. "என்னம்மா செய்யட்டும்?" என்று அனத்திக்கொண்டே இருந்தேன். அம்மா படுத்த வாக்கில், "தோட்டத்துல எங்கெங்க கூடு இருக்குன்னு வரைஞ்சு கொண்டு போ. அத விட என்ன விஞ்ஞானம்?" என்றார். தொல்லை தாங்காமல் சொன்னாரா, யோசித்துச் சொன்னாரா தெரியாது.

பெரிய பிரிஸ்டல் போர்ட் ஒன்று வாங்கி வந்து தரையில் விரித்தேன். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். வரைபடம் என்றால் என்னவென்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்துத் தொடங்கினேன். ஐந்து நிமிஷத்தில், "ஆறு இந்தப் பக்கம் போனா கோயில் எப்படி அங்க வரும்? அழி" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம் அம்மாவைப் பார்க்க வந்த பெண்கள் எல்லாரும் படத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். வேலை விட்டு வந்த களைப்பில் ஆளுக்கொரு மரம் சொன்னார்கள். "வளைவுல நிக்கிற மரத்துல ரெண்டு கூடு." "ரெண்டு இல்லடி, மூணு. ஒண்ணு பின்பக்கம்." நாலாம் நம்பர் மலைக் கூடு பாறைக்கு மேலேயா கீழேயா என்று இருவர் சண்டை பிடித்து, பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டு ஒருவர் கோபித்துக்கொண்டு போனார். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பார்த்துவிட்டு, கீழேதான் என்று அவரே வந்து ஒத்துக்கொண்டார்.

கூடு இருக்கும் இடமெல்லாம் அம்மாவின் அட்டையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு எடுத்து ஒட்டினோம். அட்டை தீர்ந்து இன்னொரு வீட்டில் வாங்க வேண்டியிருந்தது. ஏழாம் நம்பரில் பெரியம்மா விழுந்த இடத்தில் மட்டும் அம்மா தானே எழுந்து வந்து ஒரு கறுப்புப் பொட்டு வைத்தார். அன்று வந்தவர்கள்தான் இன்னொன்றும் சொன்னார்கள்: திங்கட்கிழமை வேலை மறுபடியும் ஏழாம் நம்பரிலாம். கொழுந்து முற்றுகிறதாம். கூடு அங்கேயேதான் தொங்குகிறது.

படத்தைப் பார்த்த விஞ்ஞான சேர் முதலில் 'குளவிக் கூடுகள்' என்ற தலைப்பைத் திருத்தினார். "கொட்டினதுக்குப் பிறகு கொடுக்கு தோல்லயே நின்டுச்சா? அப்ப இது குளவி இல்ல பிள்ள, மலைத்தேனீ. மனிசருக்கு நன்மை செய்யிற பூச்சி." நான் வீட்டுக்கு வந்து ஒப்பித்தேன். அம்மா, "தேனீயா? சரி. தேன் யாரு திங்கிறாங்கன்னு சேர்கிட்ட கேட்டுட்டு வா" என்றார். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சேரும் லயத்தில் பிறந்தவர்தான். கண்காட்சி அன்று காலை அவர் படத்தை மறுபடியும் பார்த்தார். கறுப்புப் பொட்டின் மேல் விரலை வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத அலுமாரிக்குப் பின்னால வைப்போம். தொரைதான் இன்னைக்குப் பிரதம விருந்தாளி. போன வருஷம் கூரைக்குத் தகரம் குடுத்தவர்" என்றார். நான் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. எரிமலைகளுக்கு நடுவில் என்னுடையது ஏழையாகத் தெரிந்தது.

பெற்றோர்களோடு அம்மாவும் வந்தார். தலையில் துண்டு, கண் பாதிதான் திறந்திருந்தது. "உன்னோடது எங்க?" என்றார். நான் அலுமாரியைக் காட்டினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நேரே போய் இழுத்து எடுத்துத் தூசியைத் தட்டி, நெஞ்சுக்கு முன்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேசை வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

சேர் ஓடி வந்தார். "அம்மா, அத வச்சிருங்க. பிறகு பேசுவோம்."

"பிறகுன்னா எப்பங்க சேர்? திங்கக்கிழமைக்கு முந்தியா, பிந்தியா?"

அதற்குள் தோட்டத்தை நடத்தும் தொரை உள்ளே வந்துவிட்டார். அரைக்கால்சட்டை, முழங்கால் வரை காலுறை, இளம் வயது. தமிழ் தெரியாது. எரிமலை பொங்கியதற்குக் கைதட்டினார். ஒவ்வொரு மேசையாகத் தாண்டி அம்மாவுக்கு முன்னால் வந்து நின்று படத்தைப் பார்த்தார். பச்சை மலையும் நீல ஆறும் சிவப்புப் புள்ளிகளும் அவர் கண்ணுக்கு என்னவாகத் தெரிந்தனவோ. "லஸ்ஸனய்" என்றார். அழகாயிருக்கிறதாம். யார் வரைந்தது என்று கேட்டார். சேர் என்னைக் காட்டினார். தொரை, முதல் பரிசு என்று கையில் வைத்திருந்த நீலத்தாள் சுற்றிய பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். உள்ளே கொம்பாஸ் பெட்டி என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். என் கை தானாகவே நீண்டுவிட்டது. அம்மா மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"பரிசு வேணாங்க தொரை. கூட்ட எடுங்க."

தொரை சேரைப் பார்த்தார். சேர் சிங்களத்தில் சொன்னார். தொரை சிரித்தபடி ஏதோ பதில் சொன்னார். சேர் அம்மாவிடம் திரும்பி, "அது இயற்கை, தோட்டம் என்ன செய்ய முடியும்னு கேக்கிறார்" என்றார்.

"கொட்டுறது இயற்கைதாங்க. கூடு இருக்கிற மலைக்கு எங்களப் போகச் சொல்றது குளவி இல்லீங்களே. அது ஒபிஸ்ல இருந்துதானே வருது? இத அப்படியே சொல்லுங்க சேர்."

சேர் கழுத்துப் பட்டியைத் தொட்டுக்கொண்டார். கடைத்தெருவில் கேட்டுப் பழகிய சிங்களம் எனக்கு ஓரளவு வரும். அவர் எதையாவது விட்டுவிடுவார் என்று நினைத்தேன். ஒரு சொல்லையும் விடவில்லை. அது மட்டுமல்ல, கறுப்புப் பொட்டைக் காட்டி, அம்மா சொல்லாத ஒன்றையும் தன் கணக்கில் சேர்த்துச் சொன்னார்: இந்த இடத்தில் ஒரு பெண் செத்துப்போனார். தகரம் தந்தவரிடமே சொன்னார்.

தொரையின் சிரிப்பு போய்விட்டது. பார்க்கிறேன் என்றார். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு எரிமலை செய்த பையனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அழுதேன். ஊரே பார்க்க என் பரிசைத் தட்டிவிட்ட அம்மாவோடு ஞாயிறு வரை பேசவில்லை. அவரும் சமாதானம் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை, வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்களத்தில் அம்மா படத்தோடு நின்றார். எங்கள் மலைகளைப் பார்க்கும் கண்டாக்கு, "உனக்கு லீவு தானே? எதுக்கு வந்த?" என்றார்.

"வேலைக்கு வரலீங்க. சொல்லிட்டுப் போக வந்தேன். வேற எந்த மலைன்னாலும் எடுப்பாங்க. ஏழுக்கு யாரும் போக மாட்டாங்க."

"நீ யாரு அவங்களுக்குச் சொல்ல?"

பின்னாலிருந்து, நாலாம் நம்பர் கூட்டுக்காகக் கோபித்துக்கொண்டு போனவர்தான் சொன்னார்: "நாங்கதான் சொல்றோம். போக மாட்டோம்."

"பேர் போட மாட்டேன். இன்னைக்குச் சம்பளம் இல்ல."

"போடாதீங்க."

அன்று யாரும் கூடையைத் தலையில் மாட்டவில்லை. செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை மழை. படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு அதே களத்தில் நின்றார்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் நின்றார்கள், திரும்பும்போதும் நின்றார்கள். வெள்ளை வாகனத்தில் ஒரு தொழிற்சங்கத் தலைவர் வந்தார். கண்ணாடியைப் பாதி இறக்கி, நீங்கள் வேலைக்குப் போங்கள், நான் மேலிடத்தில் பேசுகிறேன் என்றார். "பேசிட்டு வாங்க. நாங்க இங்கயே இருக்கோம்" என்றார் அம்மா. கண்ணாடி ஏறிக்கொண்டது. வீட்டில் மூன்று வேளையும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்தான். மூன்றாம் நாள் தேங்காயும் இல்லை. ஆனால் ஏழாம் நம்பர் மலை ரோட்டிலிருந்து பார்த்தாலே இளம் பச்சையாக மேலெழும்பி நின்றது. கொழுந்து முற்றினால் யாருக்கு வலிக்கும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை காலை நான் வேண்டுமென்றே களத்து வழியாகப் போனேன். கண்டாக்கு ஒரு தாளை எடுத்து, யாரையும் பார்க்காமல் வாசித்தார். கூடு எடுக்கும்வரை ஏழாம் நம்பர் மூடப்படுகிறது. இனி எந்த மலைக்கு ஆள் இறங்குவதற்கு முன்னும் ஒருவர் போய் மரங்களைப் பார்த்துவிட்டு வருவார். தாளை மடித்துவிட்டு, கொஞ்சம் தணிந்த குரலில், "அந்தப் படத்தக் குடு. பார்க்கப் போற ஆளுக்கு வேணும்" என்றார்.

"பார்த்து எழுதிக்கிங்க. இது எங்க புள்ள வரைஞ்சது" என்றார் அம்மா.

கண்டாக்கு குனிந்து நின்று ஒவ்வொரு மரமாக எழுதிக்கொண்டார். அம்மா படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அன்றைய வேலை மூன்றாம் நம்பரில் என்று கண்டாக்கு அறிவித்தார். பெண்கள் கூடைகளைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். அவ்வளவுதான்.

நான் வேறென்னவோ எதிர்பார்த்து நின்றேன். யாராவது கத்துவார்கள், வெடி கொளுத்துவார்கள், கோயில் மணியாவது அடிப்பார்கள் என்று. கண்டாக்கு மன்னிப்புக் கேட்பார் என்றும் நினைத்தேன். மூன்று நாள் வெயிலிலும் மழையிலும் நின்றுவிட்டுக் கடைசியில் எல்லாரும் வழக்கம்போல மலையேறுகிறார்களே என்று இருந்தது.

"தோத்துட்டோமாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா திறந்த கண்ணால் என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்தது போலிருந்தது. வீங்கிய முகத்தில் அது முழுதாக வரவில்லை. "நேரமாச்சு, பள்ளிக்கூடத்துக்குப் போ" என்றார்.

நான் போனேன். தோற்றவர்களின் மகளாகத் தலையைக் குனிந்துகொண்டு போனேன். மேலே மூன்றாம் நம்பரிலிருந்து பேச்சும் சிரிப்பும் ரோடு வரை கேட்டுக்கொண்டிருந்தன. ஜெயித்த நாளில் மனிதர்கள் வேலைக்குத்தான் போவார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.