சுழியோடிக்குக் கப்பல் பிடித்த கதை

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். சுகமில்லையா என்று ஒருவர். ஆசிரியரோடு கோபமா என்று இன்னொருவர். இரண்டும் இல்லை. ஓர் ஆளைக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்தேன்... அவ்வளவுதான்.

ஆள் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர் தவராசா. கப்பல்? மாலைதீவின் தென்கோடியில், வரைபடத்தில் பேனா முனையை வைத்தால் மறைந்துபோகிற தீவுகளுக்கு நடுவே ஓடுகிற கப்பல். பத்துப் பேர் அதிலேயே தங்கி, அதிலேயே சாப்பிட்டு, பன்னிரண்டு நாள் கடலுக்கடியில் போய்ப் போய் வருவார்கள். அதற்கென்று எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வருகிறார்களாம். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் மட்டக்களப்பு வாகரைக்காரர். வேலைக்குப் போனவர் இல்லை — விருந்தாளி!

எப்படி என்று கேட்கிறீர்களா?

இவர் ஒரு சுழியோடி. பதினெட்டு வயதிலிருந்து முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு வாகரைக் கடலில் சங்கும் கடலட்டையும் எடுத்தவர். சுனாமி அன்று காலை, போட்டை மேலே இழுத்துக் கட்டவென்று இவருடைய அண்ணன் முன்னால் போனார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாறன் என்று இவர் வீட்டில் நின்றார். போட்டும் வரவில்லை, அண்ணனும் வரவில்லை.

அதற்குப் பிறகு இவர் கடலில் கால் நனைக்கவில்லை. இரண்டு வருடத்தில் சண்டையும் வாகரைக்கு வந்துவிட்டது. ஆளுக்கொரு பையோடு வெளிக்கிட்டோம். எனக்குக் களுவாஞ்சிக்குடிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிற வேலை கிடைத்தது. இவர் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்தார். கடலைப் பற்றிப் பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை.

போன வருடம் சண்டை முடிந்தது. முடிந்த கையோடு, கல்லடிக்கு நேரே ஆழ்கடலில் கிடக்கிற பழைய போர்க்கப்பலைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். நீரோட்டம் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டது. யாரோ இவர் பெயரைச் சொல்லிவிட்டார்கள். இவர் இறங்கிய முதல் நாள், போட் திரும்பிவரும் வரைக்கும் நான் கல்லடிக் கரையில் வெயிலுக்குள் நின்றேன். மேலே வந்தவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"புள்ள... கீழ எல்லாம் அப்பிடியே இரிக்கு."

அந்தப் பருவம் முழுக்க இவர்தான் அவர்களுக்கு வழிகாட்டி. அவர்களுடைய தலைவர் பீற்றர், இவரைச் சோதித்துப் பார்த்து, சர்வதேச முறைப்படி நீரடியில் இறங்கலாம் என்று ஓர் அட்டையும் எடுத்துக் கொடுத்தார். "இத்தினை வருசம் கடலட்டை புடிச்சவனுக்கு இப்பதான் கடல் அட்டை குடுத்திரிக்காங்க" என்று இவர் அதை ஊரெல்லாம் காட்டித் திரிந்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடம்.

இனி கப்பல் கதைக்கு வருகிறேன்.

ஜனவரியில் பீற்றரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வீட்டில் ஆங்கிலம் வாசிப்பது நான் என்பதால் என் முகவரிக்கு. கப்பலில் ஓர் இடம் வெறுமையாகிவிட்டது, உன் கடலை நீ எங்களுக்குக் காட்டினாய், இந்தக் கடலை நாங்கள் உனக்குக் காட்டுகிறோம், விமான டிக்கட் எங்கள் பொறுப்பு, வா. ஒரே ஒரு நிபந்தனை. குறிப்பிட்ட ஒரு சனிக்கிழமை காலை கப்பல் தெற்கே ஒரு சின்னத் தீவில் நிற்கும். பன்னிரண்டு மணிக்குப் புறப்படும். யாருக்காகவும் காத்திராது.

இடையில் இருந்தது இருபத்துமூன்று நாள்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தைப் பற்றி நான் இரண்டு நாள் இவரிடம் சொல்லவில்லை. ஆமாம், ஒளித்தேன். கல்லடிக் கடல் என்றால் கரையில் நிற்கலாம். அந்தக் கடலுக்கு எந்தக் கரையில் போய் நிற்பது? மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்க்கிறேன் — கிணற்றடியில் இருந்து தன்னுடைய முகக்கண்ணாடியைக் கழுவிக்கொண்டிருக்கிறார். மாரிக் கடல். இறங்கவே முடியாத காலம். ஆனாலும் கழுவுகிறார்.

சொல்லிவிட்டேன். இரண்டு நாள் ஒளித்ததையும் சேர்த்து.

கண்ணாடியைத் துடைத்து வைத்தார். பிறகு கேட்டார்: "மறுகா எப்ப அங்க நிக்கணுமாம்?"

அவ்வளவுதான்! நான் கலண்டரில் ஒரு தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் கோடு போடத் தொடங்கினேன். சனிக்கிழமைக் கப்பலில் தொடங்கி, பின்னாலிருந்து முன்னால் வந்தேன். வெள்ளிக்கிழமை காலை, மாலேயிலிருந்து தெற்கே போகிற சின்ன விமானம். அது இறங்கும் தீவிலிருந்து கப்பல் நிற்கும் தீவுக்கு, வெள்ளிக்கிழமை பின்னேரம் பயணிகள் படகு. வியாழக்கிழமை கொழும்பிலிருந்து மாலே. புதன்கிழமை மட்டக்களப்பிலிருந்து கொழும்பு. அதற்கு முன்னால்... பாஸ்போர்ட்!

பாஸ்போர்ட் எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதைத்தான் சுனாமி கொண்டுபோய்விட்டதே. மாவட்டக் கச்சேரியின் பதிவேட்டில் இரண்டாம் பிரதி இருக்கும் என்றார்கள். இருந்தது! ஆனால் அதில் இவர் பெயர் 'தவராசா', அடையாள அட்டையில் 'தவராஜா'. அந்த ஓர் எழுத்துக்காக நான் ஏறி இறங்கிய படிகளைச் சொன்னால் இந்தப் பக்கம் காணாது. எழுத்து திருந்தியது, கொழும்புக்குப் போய் பாஸ்போர்ட்டும் எடுத்துவந்தோம். பதினாறு நாள் போயிருந்தது.

புதன்கிழமை விடியக் கொழும்பு பஸ்ஸில் ஏறினோம். விமான நிலையம் வரை நானும். வழியில் ஒரு சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கிப் பைகளைத் திறந்து காட்ட வேண்டும். அது உங்களுக்கும் எனக்கும் பழகியதுதானே? பழகாதது, இவருடைய பைக்குள் இருந்தது.

முகக்கண்ணாடி. காலில் போடுகிற துடுப்பு. காற்றுச் சிலிண்டரில் பூட்டி மூச்சு விடுகிற குழாய். நீரடிக் கத்தி.

யோசித்துப் பாருங்கள். சண்டை முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வாகரையில் பிறந்த தமிழன். பைக்குள் சுழியோடிச் சாமான். சண்டையில் கப்பல்களுக்கு நீரடியில் குண்டு வைத்தவர்களும் சுழியோடிகள்தானே; அந்த நாட்களில் அந்தச் சொல்லையே நாங்கள் வெளியே சத்தமாகச் சொல்வதில்லை. குழாயைக் கண்ட சிப்பாய் ஓர் எட்டு பின்னால் வைத்தான். அதிகாரியைக் கூப்பிட்டார்கள்.

அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. "நீ யாரு? கடல்ல என்ன செஞ்ச?"

"சங்கு எடுக்கிற நான், சேர்."

"சங்கு எடுக்க பிளேன்ல போறதா?"

என் கையில் ஒரு கோப்பு இருந்தது. பீற்றரின் கடிதம், கப்பல்காரரின் கடிதம், கிராம அலுவலரின் கடிதம் — எல்லாவற்றுக்கும் சிங்களத்திலும் ஒரு பிரதி. பள்ளிக்கூடத்துச் சிங்கள டீச்சரை இரண்டு மாலை பிடித்துவைத்து எழுதியது. பாஸ்போர்ட்டோடு சேர்த்து ஒவ்வொன்றாக நீட்டினேன். ஒவ்வொன்றாக வாசித்தார். கண்டக்டர் நேரத்தைப் பார்த்துப் பார்த்து முணுமுணுத்தான். "நாங்க பொறுத்திரிக்கம், உனக்கென்ன அவசரம் மனே?" என்று பின் சீட்டில் வந்த ஓர் அம்மா அவன் வாயை அடைத்தார். அவரை எனக்கு யாரென்றே தெரியாது.

கடைசித் தாளையும் வாசித்துவிட்டு அதிகாரி சொன்னார்: "சரி. போட்டுக் காட்டு."

நடுவீதியில்! இவர் முகக்கண்ணாடியை மாட்டினார். குழாயை வாயில் வைத்தார். துடுப்பைக் காலில் போட்டுக்கொண்டு, தட்டுத் தட்டென்று தாரில் பின்பக்கமாக நாலடி நடந்தார். அதைப் போட்டுக்கொண்டு அப்படித்தான் நடக்க முடியும். பஸ் முழுக்கச் சிரித்தது. சிப்பாய்கள் சிரித்தார்கள். அதிகாரிகூட.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இவர் நிதானமாக எல்லாவற்றையும் கழற்றினார். பையில் அடுக்கினார். பிறகு நிமிர்ந்து, சாதாரணமாகக் கேட்டார்: "பாத்தாச்சா சேர்? போகலாமா?"

அதிகாரி பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தார். "நல்லா போயிட்டு வா" என்றார். அவர் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை விமானத்தில் ஏற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை நான் கொழும்பில் ரயில் ஏறினேன். சும்மா சொல்லக்கூடாது, பெருமை தாங்கவில்லை. மூன்று வாரத்தில் ஒரு மனிதரை இந்து சமுத்திரத்தின் நடுவில் கொண்டுபோய் இறக்கிய ஆள் நான்! ரயிலில் எதிரே இருந்தவர்களிடமும் சொல்லத் தொடங்கிவிட்டேன்...

மதியம் போல் போன் அடித்தது.

"புள்ள, இறங்கிட்டன். ஆனா படகு ஓடாதாம்."

"என்ன கதைக்கிறீங்க? நான் நேரம் எல்லாம் பாத்துத்தானே எழுதித் தந்தன்!"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. இஞ்ச வெள்ளிக்கிழமை லீவாம். அடுத்தது நாளைக்குப் பின்னேரம்தானாம்."

நாளைப் பின்னேரம். கப்பல் புறப்பட்டுப் போன பிறகு!

எனக்குத் தலை சுற்றியது. முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, வெள்ளிக்கிழமை என்றால் என்ன என்று தெரியாத ஒருத்தி உண்டா? முழுத் தீவுகளும் முஸ்லிம்களின் நாடு. கலண்டர் தாளில் எத்தனையோ கோடு போட்டேன், இதை யோசித்தேனா? அழுதேவிட்டேன். "அந்தப் பீற்றருக்குப் போன் அடிக்கிறன், ஆரையாவது கேக்கிறன்" என்று என்னவோ சொன்னேன்.

"நீ அழாத. ஒருத்தருக்கும் அடிக்க வேணாம். கரையில ஆக்கள் இரிக்காங்க" என்றார். சிக்னல் போய்விட்டது. ரயில் காட்டுக்குள் ஓடியது.

பிறகு அழைப்பு எடுபடவே இல்லை.

சனிக்கிழமை. அங்கே பன்னிரண்டு மணி என்றால் எங்களுக்குப் பன்னிரண்டரை. கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு... பன்னிரண்டு பத்துக்குப் போன் ஒருமுறை அதிர்ந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

'கப்பல் ஏறிட்டன். சோறு இல்ல, பாண்தான். சுகம்.'

முற்றத்துக்கு ஓடிப்போய், கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்று சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் பாம்பு என்று நினைத்து அலவாங்குக் கம்பியோடு வந்துவிட்டார்!

அடுத்த நாள் கப்பலில் இருந்த செய்மதி போனில் கதைத்தார். அப்போதுதான் மிச்சக் கதை தெரிந்தது. போனை வைத்தவுடன் கரைக்கு நடந்திருக்கிறார். மீன்பிடிப் படகொன்று அசையாமல் நின்றதாம். எஞ்சினின் அடி விசிறியில் கயிறு சுற்றி இறுகிவிட்டது, சரிசெய்ய வேறு தீவிலிருந்து ஆள் வர வேண்டும் என்று படகுக்காரர்கள் கையைக் காலைக் காட்டி விளக்கியிருக்கிறார்கள். இவருக்கு அவர்கள் பாஷை தெரியாது. அவர்களுக்கு இவர் பாஷை தெரியாது. இவர் ஒன்றும் பேசாமல் பையைத் திறந்து, கண்ணாடியை மாட்டி, கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

"சிலிண்டர் இல்லாமலா?" என்று பதறினேன்.

"மூச்சடக்கித்தான். பத்துப் பதினைஞ்சு தரம் போய் வந்தன். நைலோன் கயிறு, புள்ள, கல்லுப் போல இறுகிக் கிடந்திச்சு. அறுத்தெடுத்திட்டன்."

பிறகென்ன? படகுக்காரர் வீட்டிலேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை. சனிக்கிழமை விடிந்ததும் அதே படகில் ஏற்றி, கப்பலடியிலேயே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். மேல் தட்டில் நின்ற பீற்றர் இவரைத் தேடிப் பயணிகள் படகு வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இவர் மற்றப் பக்கத்தால் ஏறி, முதுகில் தட்டியிருக்கிறார்.

நான் மூன்று வாரம் கஷ்டப்பட்டுப் போட்ட திட்டம் கடைசி முப்பது மைலில் சறுக்கியது. அந்த முப்பது மைலை இவர் திட்டமே இல்லாமல் கடந்தார். ஊரைத் தாண்டுகிற வரைக்கும் தாள்கள் உதவும். தாண்டிய பிறகு, நமக்குத் தெரிந்த தொழில்தான் பேசும்.

கப்பலில் ஒரு படிவம் நிரப்பினார்களாம். பெயர், நாடு, தொழில். மற்றவர்கள் டொக்டர், எஞ்சினியர், வக்கீல்.

"நீங்க என்ன போட்டீங்க?"

"சுழியோடி எண்டு போட்டன். தமிழிலயே, பெரிய எழுத்தில." பிறகு சொன்னார்: "இண்டைக்குக் காலையில இறங்கினன். கீழ நிக்கக்குள்ள அண்ணன நினைச்சன். பயமா இரிக்கல்ல, புள்ள. சந்தோசமா இரிந்திச்சு."

 

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஸ்டூடியோவுக்குப் போனேன். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க வேண்டும் என்றேன். ஆருக்கு டீச்சர் என்று கேட்டார் ஸ்டூடியோக்காரர்.

எனக்குத்தான்.