வெயிலுக்கு மட்டும் இருந்த ரோடு

டெலிவரி கேஸ் என்றால் எந்த டிரைவருக்கும் கால் தானாக ஆக்சிலேட்டரை மிதிக்கும். தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டி, போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். புதிதாக வண்டி எடுக்கிற பிள்ளைகளுக்காக இந்த ஒரு கேஸை எழுதுகிறேன்.

ஐப்பசி அடைமழை, மதிய நேரம். மரக்காணம் உப்பளத்துக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பில் செல்வி என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம். பனிக்குடம் உடைந்துவிட்டது என்று அவள் புருஷன் ஏழுமலை போனில் கதறினான். பெருமுக்கல்லில் நின்றிருந்த நானும் நர்ஸ் ரோசியும் கிளம்பினோம். நான் கிளியனூர்க்காரன், உப்பளத்துப் பக்கம் அவ்வளவு பழக்கமில்லை.

தார் ரோட்டில் புளியமரம் ஒன்று சாய்ந்து வழியை அடைத்திருந்தது. ரோசி போனில் மேப்பைத் திறந்தாள்.

"அண்ணா, லெஃப்ட்ல ஒரு ரோடு காட்டுது. போய்ட்டு வந்தவங்க எவ்ளோ பேரு எழுதியிருக்காங்க பாருங்க. லாரியே போகுதாம்."

"லாரியே போகுதுன்னா நமக்கு என்னம்மா" என்று திருப்பினேன்.

கொஞ்ச தூரம் ஒழுங்காகத்தான் போனது. திடீரென்று முன்சக்கரம் இரண்டும் களிமண்ணில் இறங்கிவிட்டன. ரிவர்ஸ் போட்டால் சக்கரம் சுற்றுகிறது, வண்டி அசையவில்லை. இறங்கிப் பார்த்தேன். ரோடாவது மண்ணாங்கட்டியாவது! உப்புப் பாத்திகளுக்கு நடுவே போட்ட மண்கரை அது. இரண்டு பக்கமும் வெள்ளம்.

ஏழுமலை மறுபடி கூப்பிட்டான். "சார், எங்க இருக்கீங்க? அவளால முடியலைங்க."

"உப்பளத்துக் கரையில மாட்டிக்கினோம்பா. மேப்புல ரோடுன்னு போட்டிருந்தது."

"ஐயோ சார்... அந்த ரோட்ட மேப்புல ஏத்துனதே நான்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உப்பு வாருகிற மாதங்களில் அந்தக் கரை காய்ந்து கல்லாக இருக்குமாம். உப்பு ஏற்ற வருகிற வெளியூர் லாரிக்காரர்கள் ஓயாமல் வழி கேட்கிறார்களே என்று ஏழுமலை அதை மேப்பில் சேர்த்திருக்கிறான். வந்து போனவர்கள் எல்லாரும் 'ஆமாம், நல்ல ரோடு' என்று எழுதிவிட்டார்கள். ஒருத்தரும் பொய் சொல்லவில்லை. மழையில் உப்பளத்துக்கு யார் வருகிறார்கள், கரை கரைந்துவிட்டது என்று எழுத?

கடைசியில் ஏழுமலையும் ஊர்க்காரர்கள் நாலு பேரும் செல்வியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் வந்தார்கள். வண்டியில் ஏற்றியதுமே குழந்தை பிறந்துவிட்டது. ஆனால் அழவில்லை. நீலம் பாரித்துக் கிடந்தது. ரோசி வாயைத் துடைக்கிறாள், முதுகைத் தேய்க்கிறாள். வெளியே ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டான்.

"என் புள்ளைக்கு நானே குழி தோண்டிட்டேனே சார்!"

"டேய், வாய மூடுடா!" என்று கத்தினேன். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்ன முனகல். அதன் பிறகுதான் அழுகை. ரோசியும் சேர்ந்து அழுதாள். டிராக்டர் வந்து எங்களை இழுத்து வெளியே விட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

சில நாள் கழித்து ஏழுமலை ஆஸ்பத்திரி வாசலில் போனை நீட்டினான். ரோட்டை எடுத்துவிடச் சொல்லி எழுதியிருக்கிறான். பலரும் உறுதி செய்த வழி, மாற்ற முடியாது என்று மேப் கம்பெனியிலிருந்து பதில்.

"போட்டவனே சொல்றேன், மழையில அது ரோடு இல்லைன்னு. என்னை நம்ப மாட்டேங்குது சார்."

அதற்குப் பிறகு எந்தக் கேஸுக்குக் கிளம்பினாலும் மேப்பைப் பார்த்த கையோடு, வண்டி கேட்ட வீட்டுக்கு ஒரு போன் போடுவேன். வழி இருக்கிறதா என்று கேட்கவே மாட்டேன். இன்றைக்கு அதில் யாராவது வந்தார்களா என்றுதான் கேட்பேன். நீங்களும் அப்படியே கேளுங்கள்.

ஏழுமலை அந்தக் கரை தொடங்குகிற இடத்தில் ஒரு பனைமரத் துண்டைக் குறுக்கே போட்டு வைத்தான். சித்திரையில் லாரிக்காரர்கள் அதை உருட்டித் தள்ளிவிட்டார்கள். மேப்பில் புதிதாக ஒருவர் 'அருமையான வழி' என்று எழுதியிருக்கிறார். மழைக்கு முன்னால் அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இறங்கி அந்தத் துண்டை மறுபடி இழுத்துப் போட்டுவிடுங்கள், பிள்ளைகளா.