வெல்டரும் நடு நாற்காலியும்

வெல்டருக்கு வேதாகமத்தில் நாலு வசனம் சேர்ந்தாற்போல் தெரியாது என்பது சபைக்கே தெரியும். பிரசங்கம் தொடங்கியதும் கண் சொருகிவிடும் ஆள். அவர் வினாடிவினா அணியில் சேர வந்து நின்றபோது, பால்காரர் சிரிப்பை இருமலாக்கிச் சமாளித்தார்.

நடு நாற்காலிக்காகத்தான் வந்தார். போன வருடம் வரை அதில் உட்கார்ந்து மணியடித்தவர் அவர் மனைவி. அந்த அம்மா கண்மூடியதும் பழைய அணி கலைந்தது. புது அணியைத் தயார் செய்யும் வேலை மகள் தலையில் விழுந்தது. பால்காரர், தையல் அக்கா, நடுவில் அப்பா. மாற்று ஆளாகக் கணக்கு டீச்சர்.

வாலிபர் அணியோடு நடந்த பயிற்சி ஆட்டங்களில் வெல்டர் வெளுத்து வாங்கினார். மகள் கேள்வியைப் படித்து, மூன்று விடைகளை ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். சரியான விடை அவள் வாயை விட்டு வருவதற்குள் இவர் கை மணியில் இருக்கும். 

தையல் அக்காதான் குட்டை உடைத்தாள்.

"உங்கப்பா கேள்வியையா கேக்குறாரு? உன் மூஞ்சியத்தான பாக்குறாரு. சரியான பதில் வந்தா உன் புருவம் ஏறுதுடி."

மகள் அப்பாவைப் பார்த்தாள். தான் ஏமாற்றியதாகவே அவருக்குத் தோன்றவில்லை, திருதிருவென்று விழித்தார். வாய் திறந்து அதிகம் கேட்காத மனைவியின் புருவத்தைப் படித்தே குடும்பம் நடத்தியவர். அதே புருவம்தான் மகளுக்கும்.

"ஞாயித்துக்கிழமை போட்டியில கேள்வி கேக்கப்போறது யாரோ ஒருத்தர்ப்பா," என்றாள். "நாளைக்குக் கடைசிப் பயிற்சி ஆட்டம். அதுல தேறலேன்னா டீச்சர்தான்."

மறுநாள் பட்டறையிலிருந்து வெல்டிங் முகமூடியோடு வந்தார் மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டார்.

"அண்ணே, நாற்காலி காலைப் பத்த வைக்கப் போறீங்களா?" என்றார் பால்காரர்.

"நீ பாலுக்குத் தண்ணி ஊத்துற வேலையப் பாரு. அம்மாடி, படி."

கறுப்புக் கண்ணாடிக்குள் மகள் இல்லை, புருவம் இல்லை, வெறும் குரல்தான். முதல் கேள்விக்குத் தப்பு. இரண்டாவதுக்கும் தப்பு. அதன்பிறகு மணிப்பக்கம் கையே போகவில்லை. வாலிபர்கள் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போனார்கள். சிரித்தவர்கள் எல்லாம் தரையைப் பார்த்தார்கள்.

"சாராளை அடக்கம் பண்ண ஆபிரகாம் யாரிடம் நிலம் வாங்கினார்?"

விடைகளைச் சொல்ல மகள் வாயெடுக்கும் முன் மணி அடித்தது.

"எப்பெரோன்," என்றது முகமூடி. பிறகு, "அதை மட்டும் படிச்சுப் படிச்சுப் பாத்தேம்மா," என்றது.

மகள் புள்ளி போட்டாள். கேள்வித்தாளைக் கீழே இறக்கினாள். மிச்சக் கேள்விகளைத் தையல் அக்கா வாங்கிப் படித்தாள். வெல்டர் ஒன்றுக்கும் மணியடிக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் மகள் பக்கத்தில் வந்து நின்றாள். அவரே எழுந்தார். முகமூடியைக் கழற்றாமல் நாற்காலியை டீச்சர் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்க டீச்சர். ஒரு கால் லேசா ஆடும், பாத்து உக்காருங்க. அவ இருந்தவரைக்கும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தா, நான்தான் பத்த வச்சுக் குடுக்கல."